கண் எழுதும் கோல் யார் கையில்?

1

ஒப்பனையைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள். புனைதல் என்றால் அழகு செய்தல். கதை கட்டுவதும் புனைதல்தான். கோலம் என்றால் வடிவம். வாசலில் போடுவது கோலம், மணப்பெண் பூணுவது மணக்கோலம், கணவனை இழந்தவள்மேல் சுமத்தப்படுவது கைம்மைக்கோலம். அரிதாரம் என்பது கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் நிறக் கனிமம். இன்று ஒருவரை 'அரிதாரம் பூசுகிறார்' என்றால் பொய்வேடம் போடுகிறார் என்று பொருள். ஒரே செயலைச் சில சொற்கள் போற்றுகின்றன, சில சொற்கள் சந்தேகிக்கின்றன.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் 'எழுதுதல்'. கண்ணுக்கு மை தீட்டுவதைப் பழந்தமிழ் எழுதுதல் என்றது. தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் வரைவதையும் எழுதுதல் என்றது. பெண்ணுடல் ஓலையைப் போல எழுதப்படும் பரப்பாக இருந்திருக்கிறது. எழுத்து இருக்குமானால் எழுதுபவர் ஒருவர் இருக்க வேண்டும். சங்க அகப்பாடல்களில் தலைவியின் தோளில் தலைவன் தொய்யில் எழுதுவதைப் பார்க்கிறோம். திருக்குறளின் காமத்துப்பாலில் தலைவியே கண்ணெழுதும் கோலை எடுக்கிறாள்.

அங்கே இரண்டு குறள்கள் இதைப் பேசுகின்றன. ஒன்றில், காதலன் தன் கண்ணுக்குள்ளேயே இருப்பதால், மை எழுதினால் அவன் மறைந்துவிடுவான், அதனால் எழுதமாட்டோம் என்கிறாள். எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவள் முடிவு. காரணம் மட்டும் அவன். இன்னொன்றில், மை எழுதும் நேரத்தில் கண்ணுக்குக் கோல் தெரிவதில்லை, அதுபோல அவன் எதிரில் நிற்கும்போது அவன் குற்றம் தெரிவதில்லை என்கிறாள். காதலுக்குச் சொன்ன உவமை அது. பெண்ணியத்துக்கும் நாம் அதை எடுத்துக்கொள்ளலாம். எழுதப்படும் கண்ணால் எழுதும் கோலைப் பார்க்க முடியாது.

சில பெண்கள் ஏன் மேக்கப் போட்டுக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஆண்களைக் கவர்வதற்காக என்பது ஒன்று. எனக்காக, என் மகிழ்ச்சிக்காக என்பது மற்றொன்று. முதல் பதில் பெண்ணுக்கு மனமே இல்லை என்று நினைக்கிறது. இரண்டாவது பதில் அந்த மனம் ஊர், சாதி, சந்தை எதுவும் தீண்டாமல் தானாக முளைத்தது என்று நினைக்கிறது. இரண்டிலுமே கோல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

'மேக்கப் இல்லாமலே நீ அழகு' என்ற வாக்கியத்தைக் கேட்காத பெண் இல்லை. அன்பாகச் சொல்லப்படுவது, கேட்கவும் இதமாக இருப்பது. இந்த வாக்கியத்துக்கு நம் இலக்கியத்தில் ஒரு மூதாதை உண்டு: கோவலன்.

சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கோவலன் கண்ணகியை நலம் பாராட்டுகிறான். உனக்கு மங்கல அணி ஒன்று போதாதா, வேறு அணிகளை எதற்காகப் பூட்டினார்கள்? கூந்தலுக்கு இத்தனை அலங்காரம் எதற்கு? தொய்யில் இருக்க முத்துமாலை எதற்கு? தன்னியல்பிலேயே ஒளிரும் உடலுக்கு இவையெல்லாம் சுமை என்பது அவன் வாதம். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளின் முகத்தில் ஒரு புன்னகை வரும். அடுத்த காதையில் அவன் எங்கே போகிறான் என்பதை நினைவூட்டியதும் புன்னகை சிரிப்பாகிவிடும்.

இயற்கை அழகே போதும் என்றவன் ஆடலும் பாடலும் அழகும் ஒருங்கே பயின்ற மாதவியிடம் போகிறான். கண்ணகி அலங்காரத்தைக் கைவிடுகிறாள். அந்திமாலைச் சிறப்புச்செய் காதை அதை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. காலில் சிலம்பு இல்லை, மார்பில் குங்குமக் குழம்பு இல்லை, நெற்றியில் திலகம் இல்லை, கண்ணில் மை இல்லை. மங்கல அணி மட்டும் இருக்கிறது. கோவலன் அன்று எதைப் போதும் என்றானோ அது மட்டும்தான் மிஞ்சியது. பாராட்டாக வந்தது தண்டனையாக நிறைவேறியது.

மாதவியின் அலங்காரமும் அவளுக்குச் சொந்தமில்லை. கடலாடு காதையில் ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க அவள் தன்னைப் புனைந்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நன்னீரில் கூந்தலைக் கழுவுகிறாள். அகிற்புகை ஊட்டுகிறாள். கால்விரல் தொடங்கித் தலைவரை அணிகள் வருகின்றன. தமிழில் ஒப்பனைக் கலைக்கு இதைவிட விரிவான ஆவணம் கிடைப்பது அரிது. ஆனால் அது ஒரு பணியின் ஆவணம். கணிகையர் குலத்தில் பிறந்தவளுக்கு அழகு தொழிற்கருவி. கருவியைக் கூர்தீட்டாமல் இருக்கும் உரிமை அவளுக்கு இல்லை. கோவலன் இறந்த செய்தி வந்த பிறகு அவள் மாலையோடு கூந்தலையும் களைந்து துறவு பூணுகிறாள்.

பூசிக்கொண்டவளும் பூசிக்கொள்ளாதவளும் ஒரே ஆணின் வருகையாலும் போக்காலும் அளக்கப்பட்டார்கள். இந்த இருவரில் யார் விடுதலை பெற்ற பெண் என்று கேட்பது தவறான தேர்வுத்தாள். காப்பியத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அணிகலன் ஒரு பெண்ணின் கைக்கு முழுமையாக வருகிறது. கண்ணகி காலில் கிடக்க வேண்டிய சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரசவைக்குள் நுழைகிறாள். அழகுப் பொருளாக இருந்தது அப்போது சாட்சியப் பொருளாகிறது.

3

இன்றைக்கு வருவோம். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, வெள்ளிக்கிழமை முகத்தில் மஞ்சள். வீட்டில் இதை யாரும் மேக்கப் என்று சொல்வதில்லை. இவை 'லட்சணம்'. அதே பெண் உதட்டில் கொஞ்சம் சாயம் தடவினால் வீடும் தெருவும் பேருந்தும் கவனிக்கத் தொடங்குகின்றன. அதனால் லிப்ஸ்டிக் புத்தகப்பையின் உள்பையில் பயணிக்கிறது. பேருந்து ஏறிய பிறகு உதட்டுக்கு வருகிறது, ஊர் நிறுத்தம் வருவதற்குமுன் கைக்குட்டைக்குப் போய்விடுகிறது.

பொட்டும் உதட்டுச்சாயமும் இரண்டுமே தோலின்மேல் வைக்கும் நிறந்தான். ஒன்று பண்பாடாகவும் மற்றொன்று பசப்பாகவும் ஆனது எப்படி? மங்கலம் என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. மஞ்சள், குங்குமம், பூ, வளையல், மெட்டி ஆகிய எல்லாமே ஒரு கணவனை, இருக்கிறவனையோ வரப்போகிறவனையோ, சுட்டிக்காட்டுகின்றன. அவை பெண்ணின் உடலில் இருந்தாலும் அவன் உயிரின் அடையாளங்கள். அவன் இறந்தால் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, மற்றப் பெண்கள் சூழ நின்று, கடைசியாக ஒருமுறை நிறையப் பூவும் பொட்டும் வைத்து, பிறகு அழித்து, வளையலை உடைக்கும் சடங்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் பொட்டு அவளுடையதாக இருந்திருந்தால் அவனோடு ஏன் போக வேண்டும்?

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லையும் செஞ்சி வரலாற்றிலேயே இருக்கிறது. 1714இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தபோது அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். ஊருக்குப் பெயரானவளைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவது அவள் தீயில் இறங்கியதை மட்டுந்தான். மங்கலம் முழுமையாக வென்ற இடத்தில் பெண்ணே மிச்சமில்லை.

லிப்ஸ்டிக்கில் கணவன் இல்லை. அது யாருடைய ஆயுளையும் குறிப்பதில்லை. எந்தச் சடங்கும் அதை அழிப்பதில்லை. கணவனை இழந்தவள் பூசிக்கொண்டால் எந்தச் சாத்திரமும் மீறப்படுவதில்லை. ஆனாலும் ஊர் பதறுகிறது. தன் முகத்துக்குத் தானே உரிமையாளர் என்று ஒரு பெண் அறிவித்துவிட்டதாக ஊர் அதைப் படிக்கிறது. ஊரின் இந்த வாசிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். சில பெண்கள் மேக்கப் போட்டுக்கொள்வதற்கும் இதுவே ஒரு காரணம். மங்கலத்தின் கணக்கில் வராத நிறம் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள் எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை: 'மேக்கப் போட ஆரம்பிச்சிட்டா, இனிப் படிச்சது போதும்.' உதட்டில் நிறம் என்றால் மனதில் யாரோ ஒருவன் என்று பொருள்; காதல் என்றால் சாதி மீறல் என்ற அச்சம்; அச்சத்துக்கு மருந்து அவசரக் கல்யாணம். மூன்று தாவலில் ஒரு பட்டப்படிப்பு நின்றுவிடுகிறது. பருவத்தேர்வுக்கு வராமல் போன பெண்ணைப் பற்றித் தோழிகளிடம் விசாரித்தால் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும். உதட்டுச்சாயத்தின் அரசியல் எங்களுக்கு வருகைப் பதிவேட்டில் தெரியும்.

4

அலங்காரத்தை மறுப்பதே பெண்விடுதலை என்ற வலுவான மரபும் தமிழ்நாட்டில் உண்டு. நகையும் பட்டும் அலங்காரமும் பெண்களைப் பொம்மைகளாக்குகின்றன என்று பெரியார் ஓயாமல் சொன்னார். தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், ஆண்களைப் போல எளிமையாக உடுத்துங்கள் என்றார். ஒரு பெண் கண்ணாடிமுன் செலவிடும் நேரம் அவள் படிப்பிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் திருடப்பட்ட நேரம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அழகு என்ற அளவுகோல் பெண்ணை வேலையிலும் வீட்டிலும் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று நவோமி உல்ஃப் 1990இல் எழுதிய 'த பியூட்டி மித்' காட்டியதன் சாரத்தை நம் ஊர் மேடைகளில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கேட்டிருக்கிறோம். அந்த விமர்சனத்தை நான் கைவிடத் தயாரில்லை.

ஆனால் அதன் அருகிலேயே இன்னொரு பக்கத்தையும் வைத்துப் படிக்க வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. அதே பட்டியலில், பெண்கள் பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் எட்டுத் தடைகள் பதினொன்றாயின.

மஞ்சள் ஒரு பெண்ணுக்கு விலங்காக இருந்த அதே காலத்தில் இன்னொரு பெண்ணுக்குத் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தது. பூவைத் தூக்கி எறிவது புரட்சி என்று சொல்ல, முதலில் பூச்சூடும் உரிமை கையில் இருக்க வேண்டும். உன் அழகு எங்கள் கண்ணை உறுத்துகிறது என்று வீட்டைக் கொளுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெரு வழியே, ஒரு தலித் மாணவி நேர்த்தியாக வாரிய தலையும் மையெழுதிய கண்ணுமாக நடந்து போவதை 'நுகர்வு மோகம்' என்று ஒரே சொல்லில் முடிப்பவருக்கு வரலாறு தெரியாது. 'உங்க ஆளுங்கல்லாம் இப்ப நல்லா டிரெஸ் பண்றாங்களே' என்ற வாக்கியம் இன்றும் நம் ஊர்களில் புழங்குகிறது. அந்த 'இப்ப' என்ற சொல்லுக்குள் எட்டுத் தடைகளும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே எளிமையும்கூட ஒரு கோலந்தான். படித்த மேல்தட்டுப் பெண்ணின் கைத்தறிப் புடவையும் சாயமில்லா முகமும் அவளை 'சீரியஸான' பெண்ணாகக் காட்டுகின்றன. அதே சாயமில்லா முகம் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணை யாரும் கவனிக்காத பெண்ணாக ஆக்குகிறது. ஒரு கவியரங்கில் என்னை அறிமுகம் செய்தவர் கவிதையைப் பற்றி ஒரு வாக்கியமும் உதட்டுச்சாயத்தைப் பற்றி இரண்டு வாக்கியங்களும் பேசினார். பக்கத்தில் இருந்த ஆண் கவிஞரின் சாயமிட்ட மீசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

5

அலங்காரத்தை மறுப்பதும் ஏற்பதும் ஒரே பெண்ணின் கையில் இருக்கும் கதை ஒன்று வேண்டுமானால், செஞ்சிப் பெண்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. செஞ்சிக்கு அருகில் மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. திரௌபதி வழிபாட்டின் தாய்க்கோயிலாக இப்பகுதி மக்கள் அதைக் கருதுகிறார்கள். இந்த வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதிக்கு 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார்.

கோடைகாலத்தில் இங்கே ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். கூத்தில் திரௌபதி எடுக்கும் சபதத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். அவிழ்த்த கூந்தலை அவள் சும்மா முடியமாட்டாள். எண்ணெய்க்குப் பதில் பகைவனின் இரத்தம், சீப்புக்குப் பதில் அவன் விலா எலும்பு, பூவுக்குப் பதில் அவன் குடல். எண்ணெய், சீப்பு, பூ! இது ஒரு பெண்ணின் அன்றாட ஒப்பனைப் பெட்டி. அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அவள் போர்க்கருவியாக மாற்றிவிடுகிறாள். படுகளத்தன்று களிமண்ணால் செய்த துரியோதனனின் மிகப்பெரிய உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். அதன்மேல் திரௌபதி கூந்தல் முடிவாள். சுற்றி நிற்கும் பெண்கள் குலவையிடுவார்கள்.

கண்ணகியின் அலங்காரமில்லாத உடலையும் திரௌபதியின் முடியாத கூந்தலையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கண்ணகியிடமிருந்து அலங்காரம் உதிர்ந்தது. அவன் வந்தால் திரும்பிவிடும். திரௌபதிக்கு ஐந்து கணவர்கள் உயிரோடு, பக்கத்திலேயே இருக்கிறார்கள். மங்கலத்தின் சட்டப்படி அவள் கூந்தலை முடித்துப் பூ வைத்திருக்க வேண்டும். அவள் மறுக்கிறாள். எப்போது, எதைக்கொண்டு, எந்த நிபந்தனையில் முடிப்பேன் என்று அவளே அறிவிக்கிறாள். அவளைப் பொறுத்தவரை விரித்த கூந்தல் ஓர் அறிக்கை, முடித்த கூந்தல் மற்றோர் அறிக்கை. கோல் இடம் மாறவில்லை.

கதை இப்படி இருக்க, மரபாக இந்தத் திரௌபதியின் வேடத்தைக் கட்டியவர்கள் ஆண்கள். அரிதாரம் பூசி, மார்பு வைத்து, கொண்டை முடிந்து அவர்கள் பெண்ணாக நிற்பதைக் கலை என்று வணங்கிய ஊர், தன் பெண்களைக் கூத்து மேடையில் ஏற்றவில்லை. காஞ்சிபுரம் பகுதியில் பெ.இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் சிறுமிகளுக்கும் பயிற்சி கொடுத்து இந்த வழக்கத்தை உடைத்தது. ஒரு பெண் தானே அரிதாரம் பூசி, தன் குரலில் திரௌபதியின் சபதத்தைச் சொல்லும்போது அந்த முகப்பூச்சைப் பொய் என்று யாரால் சொல்ல முடியும்?

6

ஒப்பனை பொய் என்ற எண்ணத்தை முற்றாகத் தலைகீழாக்குபவர்கள் திருநங்கையர். பழைய தென்னார்க்காட்டில் அடங்கியிருந்து இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்துக்குச் சித்திரை மாதத்தில் அவர்கள் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். விழாவையொட்டி விழுப்புரத்தில் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி நடக்கிறது. பட்டும் பூவும் பூண்டு அரவானுக்கு மனைவியாகித் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச்சேலை உடுத்திக் குளித்து வீடு திரும்புகிறார்கள். பெண்களுக்கு ஓர் ஆயுளில் நடப்பது அங்கே ஒரு நாளில் நடந்து முடிகிறது.

தொலைக்காட்சிக்காரர்கள் முதல் நாளின் ஒப்பனையைக் காட்டுவார்கள். ஆனால் திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள் வேறொரு கண்ணாடியைக் காட்டுகின்றன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' போன்ற நூல்களைப் படிக்கும் மாணவிகளுக்குப் புரியும்: பெண்ணுடை உடுத்துவதும் அலங்கரித்துக்கொள்வதும் அவர்களுக்கு முகமூடி மாட்டும் செயலல்ல, முகமூடியைக் கழற்றும் செயல். அதற்காக அடிவாங்கியிருக்கிறார்கள், வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008இல் வந்தது. தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் உறுதி செய்தது. சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு பொட்டு அந்த அறிவிப்பைச் செய்துகொண்டிருந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாக மேக்கப் போட்டால்தான் பெண்ணாக ஏற்பேன் என்று சமூகம் அவர்களிடம் கேட்கிறது. கொஞ்சம் குறைந்தால் ஏளனம், கொஞ்சம் கூடினால் ஆபாசம் என்ற பட்டம். மற்றப் பெண்கள் களைத்த முகத்தோடு கடைக்குப் போய்வரலாம். திருநங்கைக்கு அந்தச் சோம்பல்கூட ஆபத்து. தேவைப்படும்போது பூசிக்கொள்வது உரிமை என்றால், பூசாமல் பாதுகாப்பாக நடமாடுவதும் அதே உரிமையின் மறுபாதி.

7

ஊரிடமிருந்து கோலைப் பிடுங்கிய பெண்ணின் கையில் அதை நிம்மதியாக விட்டுவைக்க ஒருவர் சம்மதிப்பதில்லை: வியாபாரி. இந்த வியாபாரத்தின் முக்கியமான திருப்பம் ஒன்று நம் பக்கத்தில்தான் நடந்தது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனை கடலூரில் சின்னிகிருஷ்ணனிடம் தொடங்கியது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில், சிக் ஷாம்பூவை 50 காசுக்குக் கிராமத்துப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கவிட்டது. களைக்கூலியிலிருந்து 50 காசை ஒதுக்கி, தான் தேர்ந்த மணத்தைத் தன் தலைக்குத் தேய்த்துக்கொள்ள முடிந்த பெண்ணுக்கு அது சின்ன விடுதலை அல்ல. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே சரத்தில் சிவப்பழகுக் கிரீமும் தொங்கியது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் விளம்பரங்கள் கறுத்த பெண்ணுக்கு வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்காது என்ற பழைய வீட்டுத் திண்ணைப் பேச்சை அறிவியல் மாதிரிப் பேசின. கருவண்ணனையும் காளியையும் கும்பிடும் மண்ணில் இது எவ்வளவு எளிதாக விற்றது! கருமை அழகே என்ற 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பரப்புரை 2009இல் சென்னையிலிருந்து கிளம்பியது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல்கள் எழுந்த 2020இல் அந்தக் கிரீம் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. கல்யாணத் தரகர்களின் குறிப்பேட்டில் 'நல்ல நிறம்' என்ற சொல் மாறவில்லை.

இதைவிட ஆபத்தானது, முகம் வெளுக்கும் என்று நம்பி ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவது. படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுக்கும் மருந்து அது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும், மயிர் முளைக்கும்; நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. 2018இல் ஒன்றிய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோழி சொன்னாள், பார்லரில் சொன்னார்கள் என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நின்றபாடில்லை. உதட்டுக்கு நிறம் சேர்ப்பது ஒரு விளையாட்டு. தோலின் நிறத்தையே அழிக்க நினைப்பது விளையாட்டு அல்ல. அங்கே கோலைப் பிடித்திருப்பது சாதியும் கல்யாணச் சந்தையும்.

வேலையிடத்திலும் இதே கை வேலை செய்கிறது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று கேட்டதன் பயனாகத் தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வாசலில் கைகூப்பி வரவேற்பவள் முகப்பூச்சோடு 'பளிச்'சென்று இருக்க வேண்டும் என்ற எழுதாத விதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பவுடரும் லிப்ஸ்டிக்கும் அவள் சம்பளத்திலிருந்தே வாங்கப்படுகின்றன. அதைப் பூசும் அரைமணி நேரத்துக்குக் கூலி கிடையாது. மாதவிக்கு இருந்த கட்டாயம் இங்கே சீருடை போட்டு நிற்கிறது.

8

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அதிகம் படமெடுக்கப்படும் இடங்களில் ஒன்று கல்யாண மகால். அரச குலப் பெண்களுக்கான இடம் என்று சொல்லப்படும் கட்டடம். அதன் முன்னால் இளம்பெண்கள் உதட்டைத் திருத்திக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். 'எல்லாம் ஃபில்டர்' என்று பின்னால் ஒரு குரல் வரும். அந்தக் கைப்பேசித் திரையும் நிரபராதி அல்ல. வெளுத்த தோலையும் கூரிய மூக்கையும் கேட்காமலே அது வழங்குகிறது. கேலி செய்யும் குரலுக்கு அந்தத் திரைமீது கோபம் இல்லை. ஒரு பெண் தன் படத்தைத் தானே எடுத்துத் தானே பார்த்து மகிழ்வதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

மேக்கப் போடுவது சரியா தவறா என்று மாணவிகள் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை, நான்கு கேள்விகளைக் கொடுக்கிறேன். இன்று பூசியதை நாளை பூசாமல் போனால் வேலையோ கல்யாணமோ மரியாதையோ பறிபோகுமா? பூசிக்கொண்டதற்காக உன் படிப்பை நிறுத்த யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா? இந்த நிறம் உன் முகத்தோடு விளையாடுகிறதா, உன் முகத்தை வெறுக்கச் சொல்கிறதா? உனக்குக் கிடைத்த இந்தப் பூவும் பொட்டும் சாயமும் உன் பக்கத்தில் இருப்பவளுக்கு மறுக்கப்பட்டிருக்கின்றனவா? இந்த நான்கையும் கேட்ட பிறகும் ஒருத்தி மையை எடுத்தால் அது அவள் எழுத்து. எடுக்காமல் எழுந்து போனாலும் அவள் எழுத்துதான்.

நம்முடைய சண்டை கண்மையோடு இல்லை. எழுதப்படும் கண்ணுக்குக் கோல் தெரியாது என்று குறளின் தலைவி சொன்னாள். ஒருத்தி கண்ணுக்குத் தெரியாததை எதிரில் நிற்கும் இன்னொருத்தி பார்க்க முடியும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, அந்த முகத்தின்மேல் நகரும் கை யாருடையது என்று சொல்லத் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு தோழி போதும்.